பென்சில் எழுத்து

அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு பக்கத்திலும் எழுத்து இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் அழுத்தி எழுதிய பென்சிலின் பள்ளங்கள் தெரிகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு நாள் கணக்குகளின் தடங்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கிற அக்காவின் நோட்டு அது. எட்டு முடித்ததும் அண்டியாபீசுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவர், ஐம்பதை நெருங்கும் வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் படிக்கிறார். மாலையில் நான் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே ரப்பர் வைத்து அழித்துவிடுகிறார். "என்னத்துக்கு அழிக்கிய அக்கா?" என்று கேட்டேன். "தெரிஞ்சாச்சுல்லா பிள்ளே. பின்ன அது எதுக்குக் கெடக்கணும்?" என்றார்.

இந்தப் பதில் என்னை விடவே இல்லை. காகிதத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மகன் வாங்கிக் கொடுத்த புது நோட்டுகள் அலமாரியில் அப்படியே அடுக்கியிருக்கின்றன. வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்கிறாரோ என்றால், தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததே அந்த மகன்தான். பென்சில் அழிந்தாலும் பக்க ஓரங்களில் கொட்டையெண்ணெய் ஏறிய விரல்களின் கறை போகவில்லை. அதை அவர் பொருட்படுத்துவதும் இல்லை.

பூதப்பாண்டியில் நான் படித்த முதல் இரண்டு வருடமும் சிலேட்டுதான். கிணற்றடிச் சுவரின் ஈரத்தில் முளைக்கும், தண்டெல்லாம் நீராக இருக்கும் ஒரு சின்னச் செடியைப் பறித்து வந்து அழிப்போம். சிலேட்டில் பச்சை வாசனை நிற்கும். சாயங்காலம் அம்மா பார்க்கும்போது கடைசியாக எழுதியது மட்டும் இருக்கும். அந்த இரண்டு வருடத்தில் நான் எழுதியதில் ஓர் எழுத்துகூட உலகத்தில் இல்லை. ஆனாலும் இன்றுவரை வாசிப்பது அந்த எழுத்துகளைக் கொண்டுதான். பிறகு நோட்டுகள் வந்தன. காக்கி அட்டை போட்டு, பெயர் எழுதி, வருடம் முடிந்ததும் அப்பா பரணில் ஏற்றி வைத்தார். கரையான் அரிக்கும்வரை நாங்கள் ஒருவரும் அவற்றை இறக்கிப் பார்க்கவில்லை. எதைப் பத்திரப்படுத்தினோம் என்று இப்போது யோசித்தால் பிடி கிடைக்கவில்லை.

களியக்காவிளையைத் தாண்டினால் இதே படிப்புக்கு வேறு முகம். கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் நான்கு, ஏழு, பத்து என்று சமநிலைத் தேர்வுகள் நடத்துகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் உண்டு. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினியம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கினார். அடுத்த சில வருடங்களில் கொல்லத்துப் பாகீரதியம்மா 105 வயதில் நான்காம் வகுப்புத் தேர்வு எழுதி வென்றார், கணக்கில் முழு மதிப்பெண் என்று படித்த நினைவு. அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் எழுதிப் பழகிய தாள்கள் என்னவாயிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும்வரை நாங்களும் அந்தப் பக்கம்தான். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் ஆணை இட்ட திருவிதாங்கூரின் தென்கோடி இது. இங்குள்ள மயிலாடிக்கு 1806-இலேயே கிறிஸ்தவ மிஷன் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் எங்களுடையது. இதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் எல்லோரும் படித்த ஊரில் பாதியில் நின்றவரின் பாடு தனி. கல்யாண வீட்டுப் பந்தியில், மருத்துவமனை வரிசையில், "எதுவரை படிச்சிருக்கு?" என்ற கேள்வி யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். எட்டு என்று சொன்னதும் அக்காவின் குரல் இறங்குவதை நான் கேட்டிருக்கிறேன். கைத்தொழில் தெரிந்தவர், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் அவருக்கு வேண்டியது சான்றிதழ்தான். வேலைக்குப் பயன்படுகிற வயது கடந்துவிட்டது, அது அவருக்கும் தெரியும். "மார்க் லிஸ்ட கையில வாங்கிப் பாக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். இங்கேதான் நான் குழம்புகிறேன். தெரிந்தது எதுக்குக் கிடக்கணும் என்று பக்கம் பக்கமாக அழிக்கிறவருக்கு, தெரிந்தது என்று இன்னொருவர் அச்சடித்துத் தருகிற தாள் மட்டும் ஏன் கிடக்க வேண்டும்?

அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. தனித்தேர்வரும் ஒதுக்கிய பள்ளிக்குப் போய்ச் செய்முறை பழகியாக வேண்டும். குவிலென்சுக்குக் குவியத் தூரம் கண்டுபிடித்துவிட்டு வந்த அன்று அக்கா பேசிய பேச்சு! ஜன்னலுக்கு வெளியே நின்ற தென்னை திரையில் தலைகீழாக, பச்சை நிறத்தோடு, ஓலை அசைய விழுந்ததாம். கூட இருந்த பிள்ளைகள் அளந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள், இவர் லென்சை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே நின்றிருக்கிறார். அதைச் சொன்னபோது சான்றிதழ் நினைப்பு அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. படிப்பின் சந்தோஷத்துக்குச் சாட்சி தேவையில்லை, அவமானம் தீரத்தான் சாட்சி தேவைப்படுகிறது என்று அன்றிரவு ஒரு முடிவுக்கு வந்தேன். காலையில் அதுவும் முழுசாகச் சரியாகப் படவில்லை. சந்தோஷத்தையும் அவமானத்தையும் அப்படிப் பிரித்து வைக்க அவருடைய வாழ்க்கை அவரை விட்டிருக்குமா?

தேர்வில் பென்சிலால் விடை எழுத முடியாது. பேனாவில் பழகத் தொடங்கியிருக்கிறார், கை கொஞ்சம் தயங்குகிறது, பழகிவிடும். ஜெயிப்பார் என்றே நம்புகிறேன். எதற்காக இவ்வளவு பாடு என்று அவரிடம் நேரே கேட்டுவிடலாம்தான். கேட்டால், சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாதென்று ஒரு காரணத்தைத் தேடி எடுத்துச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு நான் தருகிற மரியாதையா, இல்லை அந்தப் பதிலைத் தாங்க எனக்குத் தெம்பில்லையா என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை.