ஓடாத வண்டிக்கு யார் உரிமையாளர்?

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானபோது அதை அழகுப் பொருளாக யாரும் பார்க்கவில்லை. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் அதன் உடலுக்கு அலுமினியக் கலவை. அமெரிக்க ஜீப்பைப் பார்த்து, வயலில் உழவும் பாரம் இழுக்கவும் மாரிஸ் வில்க்ஸ் வடிவமைத்த அந்த வண்டியின் விலை 450 பவுண்டு. 2015 டிசம்பரில், அதே வரிசையின் இருபது லட்சமாவது வண்டி லண்டன் ஏலத்தில் நான்கு லட்சம் பவுண்டுக்குப் போனது. அது அறக்கொடைக்கான ஏலம், ஆகவே விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2018இல் நிறுவனமே அந்த வரிசையில் தான் விற்ற டிஃபெண்டர் வண்டிகளைத் திரும்ப வாங்கி, வி8 எஞ்சின் பொருத்தி, ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு முதல் விலை வைத்து 150 வண்டிகளை விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவில் முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோவுக்கும் டொயோட்டா எஃப்ஜே40க்கும் இதே கதைதான். 25 வயது நிரம்பிய வெளிநாட்டு வண்டிக்கு அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. மனிதருக்கு எங்கும் கிடைக்காத மரியாதை, முதுமைக்கு அங்கே சுங்கத்துறையில் கிடைக்கிறது.

விலை ஏன் ஏறுகிறது என்பது பொருளியலாளர் கவலை. எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு: விலை ஏறியதாலேயே ஒருவர் தம் வண்டியை ஓட்டாமல் விடும்போது, அது அவருடைய வண்டிதானா? இதற்குச் சான்று தேடித் தத்துவ நூல்களுக்குப் போகவேண்டியதில்லை, காப்பீட்டுப் பத்திரமே போதும். பழமைவாகனக் காப்பீட்டில், வண்டியின் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதோடு ஆண்டுக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது, அன்றாட வேலைக்கு எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகளும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கையெழுத்திட்ட கணத்தில் அந்த மனிதர் விலையைக் காப்பாற்றிக்கொள்கிறார், பயன்பாட்டை விட்டுக்கொடுக்கிறார். ஒவ்வொரு மைலும் இனி வரப்போகிற வாங்குபவரின் பணத்திலிருந்து கழிகிறது. பெயர் தெரியாத அந்த எதிர்கால மனிதருக்காகக் காவல் காப்பவர் இன்று தம்மை உரிமையாளர் என்று சொல்லிக்கொள்கிறார்.

உடைமையும் பயன்பாடும் பிரிய முடியுமா என்ற இந்தச் சிக்கலை ஐரோப்பியக் கிறித்தவம் ஒருமுறை தலைகீழாகச் சந்தித்திருக்கிறது. அசிசி பிரான்சிஸின் வழிவந்த துறவிகள் தங்களுக்குச் சொந்தமாக எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் உண்ண உணவும் உடுக்க உடையும் வேண்டுமே? 1279இல் திருத்தந்தை மூன்றாம் நிக்கோலஸ் ஒரு வழி சொன்னார்: உடைமை திருச்சபைத் தலைமைக்கு, வெறும் பயன்பாடு மட்டும் துறவிகளுக்கு. 1322இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் அதை மறுத்தார். தின்றால் தீர்ந்துபோகும் பொருளில் பயன்பாட்டையும் உடைமையையும் எப்படிப் பிரிப்பது? துறவி தின்ற ரொட்டித் துண்டுக்குத் திருச்சபையே உரிமையாளர் என்று யாராவது நம்புவார்களா? சண்டை முற்றி, ஆக்காமின் வில்லியம் போன்ற மெய்யியலாளர் 1328இல் திருத்தந்தை தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரை விட்டுத் தப்பியோட நேர்ந்தது. அந்தத் துறவிகள் உடைமையின்றிப் பயன்பாட்டை மட்டும் கேட்டார்கள். சேகரிப்பாளரோ பயன்பாட்டைத் துறந்து உடைமையை வைத்துக்கொள்கிறார். துறவு என்னவோ இரண்டிலும் இருக்கிறது. முன்னவர் விட்டது பற்றை. பின்னவரிடம் மிஞ்சியது பற்று மட்டும். திருக்குறளில் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே இருப்பதற்கு இப்படிப்பட்ட செல்வமே காரணம்.

ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் அப்படியே இருக்கும் என்பது சேகரிப்பாளரின் கணக்கு. அதாவது வண்டியை அவர் ரொட்டியாக நினைக்கிறார். தின்னாத ரொட்டியும் பூசணம் பிடிக்கும் என்பதை மறந்துவிடுகிறார். நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. பெட்ரோல் கெட்டுப்போகிறது. அலுமினியத் தகடு துருப்பிடிக்காதுதான், ஆனால் அடியிலிருக்கும் சேஸிஸ் எஃகு. அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் தேங்கினால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். குளிர்பதனம் செய்த கொட்டகை இதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

விலை இல்லாவிட்டால் இந்த வண்டிகள் என்றோ காயலான் கடைக்குப் போயிருக்கும் என்பது வலுவான மறுப்பு, பாதி உண்மையும்கூட. உற்பத்தியில் முதலாவதான லேண்ட் ரோவரே நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்தது. தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃபின் பணம் வந்த பிறகுதான் அதற்கு முழு மறுசீரமைப்பு கிடைத்தது. அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் விலை ஒன்றுதான் காப்பாற்றும் என்பதை மேற்கு வங்கத்தின் மானேபஞ்சாங் பொய்யாக்குகிறது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூ வரை, ஏறத்தாழ 31 கிலோமீட்டர் மலைப்பாதையில், 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் சென்றன. எந்த ஏலக்கடையும் அவற்றுக்கு மதிப்புக் குறிக்கவில்லை. கிடைத்த எஞ்சினை மாட்டி, உடைந்ததை அங்கேயே ஒட்டவைத்து ஓட்டினார்கள். ‘அசல்’ பார்க்கிறவர் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பார். எது அசல் என்று கேட்டால், எந்த வேலைக்காக வண்டி பிறந்ததோ அந்த வேலை அங்கேதான் அசலாக நடந்தது என்பேன்.

இன்னொரு மறுப்பு: ஓவியத்தையும் சிற்பத்தையும் மாட்டிவைத்துப் பார்க்கிறோமே, வண்டிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஓவியம் பார்க்கப்படுவதற்காகவே பிறந்தது. பார்க்கிறவர் அதைப் பயன்படுத்துகிறார். அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் செருப்புக்கு இரு பயன் சொல்கிறார்: அணிவது, பண்டமாற்றாகக் கொடுப்பது. இரண்டும் செருப்பின் பயன்தான், ஆனால் கொடுப்பதற்காகச் செருப்பு பிறக்கவில்லை. பொதுக் காட்சியகத்தில் நிற்கும் ஒற்றை வண்டியும் பலருக்குப் பாடமாகிறது, அதோடு எனக்கு வழக்கில்லை. பூட்டிய கொட்டகையில் நிற்கும் வண்டியை எதற்காகவும் யாரும் பார்ப்பதில்லை. ஏலப் பட்டியலில் அதன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ‘அவர் பணம், அவர் வண்டி, உனக்கென்ன?’ என்பாரும் உண்டு. எனக்கு ஒன்றுமில்லை. பாரம் இழுக்க உழவருக்கு வேறு வண்டிகள் கிடைக்கின்றன. நட்டம் சேகரிப்பாளருக்குத்தான், அதையும் அவரே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

ஏறிய விலையைத் தெரிந்துவைத்தும், வண்டியைச் சேற்றில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், விலை நிலவரத்தைப் பார்ப்பதற்கு முன் காப்பீட்டுப் பத்திரத்தின் மைல் வரம்பைப் படியுங்கள். அந்த வரம்பு உங்களை உறுத்தாவிட்டால் வண்டியை விட்டுவிட்டுப் பங்குப் பத்திரம் வாங்குங்கள். அதற்குக் கொட்டகை தேவையில்லை.