கூலி என்னும் சொல்

தமிழிலே கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். அதனைப் பெறுவோன் கூலியாள். அச்சொல் ஐரோப்பியர் வாயிற் புகுந்தபோது ஊதியம் மறைந்தது. ஆளே 'கூலி' ஆனான். குஜராத்தின் கோலி மக்களின் பெயரே அதன் மூலம் என்பாரும் உளர். சீனர் அவ்வொலியைத் 'துன்பம்', 'வலு' என்னும் பொருளுடைய ஈரெழுத்துக்களால் எழுதினர். தென்னாபிரிக்காவிலே அது இந்தியர் அனைவர்க்கும் வசைப்பெயராயிற்று. 1893இல் அங்குச் சென்ற காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். தென்னிந்தியாவிலிருந்து வந்து இலங்கைத் தோட்டங்களை உருவாக்கியோரையும் துரைமார் அவ்வாறே அழைத்தனர்.

மூலம் பற்றி அறிஞர் மாறுபடலாம். ஆனால், ஒருவனுக்குக் கொடுக்கவேண்டியதை அவனுக்கே பெயராக்கிவிட்டால், கொடாதொழிதல் எளிதன்றோ? ஆதலின், மாணவர்க்கு இச்சொல்லைக் கற்பிக்குந்தோறும், கூலி என்பது மனிதனின் பெயரன்று, அவனுக்குச் சமுதாயம் செலுத்தவேண்டிய கடன் என்றே கற்பிப்போமாக.