வந்துச்சு

தேர்தல் சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர், வெளியிட்டவர், முகவரி. யாரும் வாசிப்பதில்லை. ஆனால் அது இல்லாமல் அச்சடிப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-யின்படி குற்றம். சொல்கிறவர், சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவின் அறம் அவ்வளவுதான்.

வாட்ஸப் ஃபார்வர்டில் அந்த வரி கிடையாது. குடும்பக் குரூப்பில் ஒரு அரசியல் செய்தியைப் போட்ட பெரியப்பாவிடம் "யார் சொன்னது இது?" என்று கேட்டேன். "வந்துச்சுப்பா" என்றார். மழை வருவதுபோல. அனுப்பினேன் என்று யாரும் சொல்வதில்லை.

2018இல் குழந்தை கடத்தல் வதந்தியும் அப்படித்தான் வந்தது. கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுக் காணொளி ஒன்றில், கடத்தியவரே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு நாடு முழுக்கச் சுற்றவிட்டார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரி என்று சொல்லி அடித்தே கொன்றார்கள்.

ஜூலையில் வாட்ஸப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. அப்போது ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குரூப் என்றால் 1,280 பேர். நானும் இப்படிப்பட்ட பொத்தான்களைச் செய்கிறவன்தான். ஒரு தட்டைக் குறைத்தால் எங்கள் மீட்டிங்கில் பாராட்டு கிடைக்கும். அந்த ஒரு தட்டு, ஒருவர் யோசிப்பதற்கு இருந்த நேரம் என்று யாரும் சொல்லமாட்டோம்.

அரசு 2021இல் வேறு வழி சொன்னது. கேட்கும்போது, முதலில் அனுப்பியவர் யாரென்று நிறுவனம் காட்ட வேண்டும். அதற்குச் செய்திகளின் மறையாக்கத்தை உடைக்க வேண்டியிருக்கும் என்று வாட்ஸப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 127ஏ-வை மெச்சுகிற நான் இதை ஏன் எதிர்க்கிறேன்? சுவரொட்டி பொதுவில் பேசுகிறது, அதிலுள்ள பெயரும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. இங்கே தனிப்பேச்சுக்குச் சொந்தக்காரர் யாரென்று அதிகாரத்துக்கு மட்டும் தெரியும். முன்னது பொறுப்பு. பின்னது பயம். மேலதிகாரியின் ஊழலைச் சொல்ல வருகிற கடைநிலை ஊழியர் அந்தப் பயத்தில் முதலில் வாயை மூடிக்கொள்வார்.

சட்டமும் பொத்தானும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது: அனுப்புகிற என் கை. இப்போதெல்லாம் எதை ஃபார்வர்டு செய்தாலும் கூடவே ஒரு வரி எழுதுகிறேன், இதை நான் ஏன் நம்புகிறேன் என்று. பல நேரம் அந்த வரி எழுத வருவதில்லை. அப்போது அனுப்புவதில்லை.