மணல் யாருக்கு?

வீராம்பட்டினத்துக் கடற்கரையிலே பொழுது சாயும் வேளையில் சற்று நேரம் அமர்ந்து பாருங்கள், தோழர்களே! செலவு ஏதுமில்லை. பகலின் சூடு இன்னும் ஆறாத மணல், கடலிலிருந்து வீசும் காற்று, கையிலே ஒரு பொட்டலம் சுண்டல். நாளெல்லாம் வகுப்பறையில் பேசிக் களைத்த நமக்கு அது போதும். மறுநாளைச் சந்திக்கும் தெம்பு பிறந்துவிடுகிறது.

இதற்கு நாம் வெட்கப்பட வேண்டும் என்பார் இருவர். உலகம் மாயை, இன்பம் பற்று, பற்று பாவம் என்பார் ஒருவர். அவருக்கு விடை தேவையில்லை. பசித்தால் அவரும் உண்கிறார்! மற்றவர் நம்மவர். "நாட்டிலே இத்துணை வறுமையும் இழிவும் மலிந்திருக்க, காற்று வாங்க நேரமா?" என்று கேட்கிறார். கனமான கேள்விதான். ஆயினும் இன்பமே கூடாதென்றால், எதற்காகப் போராடுகிறோம்? கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்சு நகரத் தோட்டமொன்றில் பாடம் சொன்ன எபிகூரசு, இன்பமே வாழ்வின் நோக்கம் என்றார். அவர் நண்பரிடம் கேட்டதோ ஒரு சிறு குடுவைப் பாலாடைக்கட்டி. அதுவே அவருக்கு விருந்து. பெண்டிரும் அடிமைகளும் அத்தோட்டத்தில் உடன் அமர்ந்தனர். சிறிய இன்பமாதலால் எல்லார்க்கும் பங்கு கிடைத்தது.

"இன்பம் ஏன்?" என்று கேளாமல், "யாருடைய இழப்பில்?" என்று அந்தத் தோழர் கேட்டிருந்தால் நாம் வாயடைத்துப் போயிருப்போம். ஏனெனில் இந்த மணலுக்கு ஒரு கதை உண்டு.

கடலன்னை கொடுத்தாள் என்று கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகலாம். காரணம் வேறு. நமது கரையிலே ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து மோதுகின்றன. மணலை வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. 1980களின் இறுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்திலே, துறைமுகத்திற்கென்று அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. மணலின் பயணம் தடைப்பட்டது. தெற்கே, நாம் அமரும் பக்கம், அது குவிந்தது. வடக்கே, புதுச்சேரி நகரக் கரையிலே, புது மணல் வரவில்லை. இருந்த மணலையும் அலை அள்ளிச் சென்றது. கடற்கரைச் சாலையோரம் கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காத்தனர்.

நகரத்தார் இழந்தது மாலைநேரச் சுகம். அதற்கும் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் மீனவர் இழந்தது அதனினும் பெரிது. படகை இழுத்தேற்ற, வலையை விரித்துப் பழுதுபார்க்க, கருவாடு காயவைக்க, வேலை முடிந்து கால் நீட்டிப் படுக்க... அனைத்திற்கும் அவர்கட்கு இருந்தது அந்த மணல் ஒன்றுதான்! இழப்பு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களையும் தொட்டது.

தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. சுவர் எழுந்தது, ஏற்பாடு போதிய அளவு நடைபெறவில்லை. 2010களின் இறுதியில் நகரக் கரையருகே கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்தனர். அங்கே மணல் ஓரளவு திரும்பியது. சாலையில் உலாவ வருவோர் கண்ணில் படும் இடம் முதலில் சீராயிற்று. குப்பங்கள் காத்திருக்கின்றன.

வடக்கே மணலைக் கொண்டு சேருங்கள் என்று குப்பத்தார் எழுப்பும் குரலோடு, இங்கே அமர்ந்து காற்று வாங்கும் நமது குரலும் சேரவேண்டும். நமது கரை சற்றுச் சுருங்கும். சுருங்கட்டுமே! நெருங்கி உட்காருவோம்.