வேலிக்குள் ஓடும் வரை

2023 அக்டோபர் 8 அன்று சிகாகோ மாரத்தானை கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 வினாடியில் ஓடி முடித்தார். உலக சாதனை. வாரத்துக்கு 250 முதல் 280 கிலோமீட்டர், சில வாரங்களில் 300-ஐயும் தாண்டி ஓடுகிறார் என்று அவருடைய பயிற்சியாளர் ஜெர்வே ஹகிசிமானா அப்போது செய்தியாளர்களிடம் சொன்னார். இப்படியே போனால் ஐந்து ஆண்டுகளில் உடம்பு ஓய்ந்துவிடும் என்று தாமே எச்சரித்ததையும் அவர் மறைக்கவில்லை. ஓட்ட ரசிகர்கள் உடனே இரண்டாகப் பிரிந்தார்கள். அதுதான் வெற்றியின் ரகசியம் என்றது ஒரு கட்சி. அது தற்கொலை என்றது மறு கட்சி. 2024 பிப்ரவரி 11 இரவு கென்யாவில் நடந்த கார் விபத்தில் கிப்டம், ஹகிசிமானா இருவருமே இறந்தார்கள். கிப்டத்துக்கு வயது 24. அந்தப் பயிற்சி அவரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதற்கு இனி விடை கிடையாது. ஆனாலும் இரு கட்சியும் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை; தத்தம் கட்சிக்கு அவர் பெயரைச் சாட்சியாக இன்றும் இழுக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பால் யாருக்கு என்ன என்று தள்ளிவிடலாம். முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. பயிற்சி என்பது முகாமுக்குள் நடப்பது, கூட்டம் பார்த்தது பந்தயத்தை மட்டும். இப்போது பயிற்சியே காட்சி, பயிற்சியே சரக்கு. காலை நான்கு மணிக்கு எழுந்து முப்பது கிலோமீட்டர் ஓடுவதைப் படம்பிடித்துப் போடுகிறவர் எந்தப் பந்தயத்திலும் முதல் நூறு பேருக்குள் வராதவராக இருக்கலாம். அவருடைய பெயர் பயிற்சியால் வந்தது. அதனால் ரசிகரின் தீர்ப்பும் பயிற்சியின் மேல்தான் விழுகிறது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு மறுநாள் காலை ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பும் ஒருவர் எங்கோ இருக்கிறார்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் அப்படிக் கிளம்புகிறவர்களில் பலருக்கு ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர்; வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்பார்கள். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு 60 மதிப்பெண் என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த கணக்கு. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடம். தோல் பதனிடும் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் அப்பாவோ அம்மாவோ வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சில வினாடிகள் சம்பளம், ஓய்வூதியம், கல்யாணம் எல்லாம். கிரவுண்டில் தனிக் கோச் வைத்துக்கொள்ளக் காசில்லாதவருக்கு கைபேசியில் ஓடுகிறவரே கோச். எந்தக் கோச்சைப் பின்பற்றுவது என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே அளவுகோல் கீழே குவிந்திருக்கும் ரசிகர்களின் தீர்ப்பு.

அந்த ரசிகர்கள் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்? முதலில் உடம்பு. வயிறு ஒட்டியிருந்தால் முறை சரி. பெண்ணாக இருந்தால் முறையைப் பற்றிய பேச்சே வராது. உடையைப் பற்றித்தான் வரும். அடுத்தது கதை. 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் திருச்சி பக்கத்து முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டரில் தங்கம் வென்றபோது, அவருடைய வறுமையும் காலில் இருந்த வெவ்வேறு நிறக் காலணிகளும்தான் ஊர் முழுக்கப் பரவின. ஏழ்மையும் உழைப்பும் ஓடவைத்தன என்று தீர்ப்பு எழுதியாயிற்று. பிறகு நாண்ட்ரோலோன் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி நான்கு ஆண்டு தடையும் பதக்கப் பறிப்பும் வந்தன. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். அவரைத் தூக்கிவைத்த அதே கூட்டம் அவரைத் தூற்றியது. தூக்கியபோதும் சரி, தூற்றியபோதும் சரி, ஒரு தடகள வீராங்கனைக்கு யார் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், முகாமில் யார் பொறுப்பு என்ற கேள்வியைக் கேட்டவர் அபூர்வம். ஆளைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு முறையைப் பற்றிய தீர்ப்பாக வேடம் போட்டுக்கொண்டது.

மூன்றாவது அளவுகோல் வலி. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அமெரிக்கக் கடற்படையின் சீல் படையில் இருந்த டேவிட் காகின்ஸ் 2005-இல் சரியான பயிற்சி இல்லாமலே 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கி நூறு மைலுக்கு மேல் ஓடினார். பாத எலும்புகளில் விரிசல் கண்டதாகவும் சிறுநீரகம் தடுமாறியதாகவும் தம் நூலில் அவரே சொல்கிறார். கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டு உந்தப்பட்டிருக்கிறார்கள். வலித்தால் உண்மை, வலிக்காவிட்டால் நடிப்பு என்பது அந்த ரசனையின் சுருக்கம். நம் ஊரிலும் அது எடுபடக் காரணம் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் காவடி எடுத்துப் போகிறவரின் வலியை மதிக்கப் பழகிய சமூகம் இது. ஆனால் காவடியின் வலி ஒரு நாளில் இறங்கிவிடும். ஓட்டப் பயிற்சியின் வலி சேர்ந்துகொண்டே போகும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வரும் நோவைப் பொருட்படுத்தாமல் ஓடினால், ஓய்வு கிடைக்காத எலும்பில் மயிரிழை விரிசல் விழும். ஆற ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும்.

வலியை என்ன செய்வது என்பதில் வேலூருக்கு உலகத்துக்கே சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவைசிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைவிரலும் பாதமும் தாமாக அழுகி விழுவதில்லை என்பதைக் கண்டார். நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாது. வலி தெரியாததால் கல் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் அதே பாதத்தை அதே இடத்தில் ஊன்றி நடப்பார்கள். புண் ஆழமாகி எலும்பைத் தின்னும். உணர்விழந்த பாதங்களுக்காக நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகள் இந்த வட்டாரத்தில், பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் இருந்த காலத்தில்தான் உருவாயின. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தில் அந்த வேலை தொடர்ந்தது. வலியே மனிதனுக்குக் கிடைத்த காவல் என்பது பிராண்ட் வாழ்நாள் முழுக்கச் சொன்ன விஷயம். நோய் பறித்துக்கொண்ட அந்தக் காவலை ஆரோக்கியமான ஒருவர் தாமே முன்வந்து துரத்துவதற்குக் கைதட்டும் ரசிகர், கரிகிரியின் பழைய நோயாளி ஒருவர் முன்னால் அதை விளக்கிப் பார்க்கலாம்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அவரவர் உடம்பு அவரவர் சொத்து. வளர்ந்த ஒருவர் தம் எலும்பை உடைத்துக்கொள்ள முடிவெடுத்தால் பக்கத்து வீட்டாருக்கு என்ன? மேலும், புதிய முறை எல்லாமே முதலில் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். மிலிந்த் சோமன் 2012-இல் டெல்லியிலிருந்து மும்பைக்கு 1,500 கிலோமீட்டரை 30 நாளில் ஓடினார். வெறுங்காலில் ஓடுவதற்காகவே அறியப்பட்டவர். காலணி தைத்தே பிழைக்கும் ஆம்பூரில் நின்று பார்த்தால் அது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் ஐம்பது வயதுக்குப் பிறகும் அவரை அந்தக் கால்கள் சுமந்தன. அவரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, தடுத்திருந்தால் அது அநியாயம்.

அந்த உரிமைக்கு வேலி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தோல் பதனிடும் இந்த நிலத்திலிருந்தே அதற்கு ஒரு விடை புறப்பட்டது. பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகச் சொன்ன ஆய்வு அதில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற பகுதி பிரபலமானது. அதைவிட ஆழமான பகுதி நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றியது. தண்ணீர் கெட்டது உன் கழிவால்தான் என்று கிணற்றுக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை; தன் செயலால் தீங்கில்லை என்று தொழில் நடத்துகிறவரே காட்ட வேண்டும். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான்.

ஆற்றையும் உடம்பையும் ஒன்றாக்க முடியாது என்பது சரி. ஆறு தோல் ஷாப் முதலாளியின் சொத்தில்லை. கால் ஓடுகிறவரின் சொத்து. அதனால்தான் அவர் ஓடும் வரை யாருக்கும் அவர் எதையும் நிரூபிக்க வேண்டாம். அதே முறையைப் பன்னிரண்டு வாரத் திட்டமாகக் காசுக்கு விற்கும்போதோ, ‘இதைச் செய், நீயும் ஆகலாம்’ என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும்போதோ வேலியைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பது பதிலாகாது. காலணித் துறையே இதற்கு உதாரணம். ஐந்து விரல் வைத்த மெல்லிய காலணியைப் போட்டால் பாதத் தசை வலுவாகும், காயம் குறையும் என்று விற்ற விப்ரம் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. அந்தப் பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் எங்கே என்பதே கேள்வி. 2014-இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசத்துக்கு வந்தது நிறுவனம். வெறுங்கால் ஓட்டம் நல்லதா கெட்டதா என்பது அதனால் முடிவாகவில்லை. ஆதாரம் எங்கே என்ற கேள்வி விற்றவரை நோக்கித்தான் எழும் என்பது மட்டும் தெளிவானது.

தாமாக முடிவெடுக்க முடியாதவர் ஓடும்போது வேலி இன்னும் நெருங்கிவருகிறது. 2006 மே 2 அன்று ஒடிசாவில் நான்கு வயது புதியா சிங் பூரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கிலோமீட்டரை ஏழு மணி இரண்டு நிமிடத்தில் ஓடினான். பயிற்றுவித்த பிரஞ்சி தாஸ் ஜூடோ பயிற்சியாளர். குடிசையில் பிறந்த பிள்ளைக்குச் சோறும் பெயரும் கிடைத்தது என்றார்கள் ரசிகர்கள். அதில் உண்மை இருந்தது. சாலையின் இருபுறமும் நின்று ஆரவாரித்தவர்களில் ஒருவர்கூட அந்தக் குழந்தைக்குத் தீங்கு நினைத்திருக்க மாட்டார். அவர்கள் வியந்தார்கள், அவ்வளவுதான். அந்த வியப்புதான் அடுத்த ஓட்டத்துக்கான கட்டளையாக மாறியது. மாநில அரசு தடை போட்டபோது, பொறாமை பிடித்தவர்கள் திறமையை நசுக்குகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. மாரத்தான் உலகில் புதியாவின் பெயர் பிறகு எழவில்லை. தடையால் கெட்டதா, பயிற்சியால் கெட்டதா என்ற சண்டை கிப்டம் விஷயத்தைப் போலவே தீராதது. தீராத இடத்தில் சந்தேகத்தின் பலன் யாருக்கு? நான்கு வயதுக் குழந்தை ஒரு பக்கம் இருக்கும்போது அதைப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதில் நியாயமில்லை.

எதையும் ஆதாரம் கேட்டே ஏற்பது என்று கிளம்பினால் நல்ல முறைகளும் செத்துப்போகும் என்ற பயம் பொய்யல்ல. 1996 தீர்ப்புக்குப் பிறகு சிறிய தோல் ஷாப்புகள் பல தாக்குப்பிடிக்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு கட்டக் காசிருந்தவர் நின்றார். மறுபக்கம் பாலாறும் தேறிவிடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு பற்றி மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பொறுப்பை இடம் மாற்றிவைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று வேலூர்க்காரர் யாரும் நம்ப மாட்டார். ஓட்ட உலகிலும் அப்படித்தான். கடுமையாக ஆதாரம் கேட்டால், மருத்துவரையும் ஆய்வகத்தையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடிய பெரிய பிராண்டின் ஆள் தப்பிப்பார். கிரவுண்டில் இருபது பிள்ளைகளை இலவசமாக ஓடவைக்கும் முன்னாள் ஹவில்தார் மாட்டிக்கொள்வார். அவருடைய முறையும் பழசாக, முரட்டுத்தனமாக இருக்கலாம். ஆனால் பிள்ளை நொண்டினால் அவர் கண்ணில் படும். ‘ரெண்டு நாள் உட்காருடா’ என்பார். இணையத்தில் ஓடுகிறவருக்கு அந்த நொண்டல் தெரிய வழியில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கென்யாவின் இட்டன் ஊர்க் குளிரில் போட்ட திட்டத்தை, கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில் ஒருவர் அப்படியே செய்துகொண்டிருக்கிறார் என்பதும் தெரியாது. எனவே ஒரே அளவு ஆதாரத்தை இருவரிடமும் கேட்பது நியாயமாகாது. கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து சொல்கிறவரே கூடுதலாகக் காட்டக் கடமைப்பட்டவர்.

ரசிகரின் பங்கு இங்கேதான் வருகிறது. பார்வை எண்ணிக்கைதான் இந்தத் தொழிலின் கூலி. அதைக் கொடுப்பவர் வெறும் வேடிக்கை பார்ப்பவர் இல்லை. எலும்பு முறிந்தும் ஓடிய காணொளிக்கு ஒரு லட்சம் பேரும், ஓய்வு நாளில் தூங்கிய காணொளிக்கு நூறு பேரும் வந்தால், அடுத்த வாரம் எது படமாகும் என்பதை முடிவுசெய்தது ரசிகர்தான். ‘செய்யும் முன் மருத்துவரை ஆலோசிக்கவும்’ என்று காணொளியின் அடியில் ஒரு வரி இருக்கும். நிரூபிக்கும் பொறுப்பை மறுபடி கிணற்றுக்காரர் தலையிலேயே கட்டும் வரி அது. கம்மவான்பேட்டைப் பிள்ளை யாரை ஆலோசிப்பார்? கால் வீங்கினால் வீட்டார் கூட்டிப்போவது புத்தூர் எலும்புக் கட்டுக்கு. எட்டு வாரம் கழித்து எழுந்தால் ஆள்சேர்ப்பு முகாம் முடிந்திருக்கும்; சில சமயம் வயது வரம்பும்.

அந்தப் பிள்ளை வந்து கருத்துப் பெட்டியில் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் பன்னிரண்டு வாரத்தை முடித்தவர்கள். அதனால்தான் எல்லாத் திட்டமும் அங்கே பலித்ததாகத் தெரிகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எதனால் நின்றார்கள் என்ற மூன்றும் பணம் வாங்கித் திட்டம் விற்கிறவரிடம் இருக்கும், இருக்க வேண்டும். ரசிகர்கள் உடம்பையும் கதையையும் வலியையும் அலசித் தீர்ப்புச் சொல்லச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைச் செலவிட்டு இந்த மூன்றையும் கேட்டால், அவர் வெளியிட வேண்டியிருக்கும். அல்லது ஏன் வெளியிட முடியாது என்று பேச வேண்டியிருக்கும்.