பிங்கர்ட்டனின் கண்ணீர்

நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது தமிழ் மரபு. அவ்விரக்கம் கரையில் நிற்பவளுக்கு உரியது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலையில் நின்று நோக்குவார்க்கு, கப்பல் என்பது வந்து சேர்வது மட்டுமன்று, விட்டுச் செல்வதுமாகும். இத்தாலிய இசைநாடக ஆசிரியர் புச்சினியின் 'மடாமா பட்டர்பிளை' எழுப்பும் அறவினாவை இக்கரையிலிருந்து எண்ணிப் பார்த்தல் தகும்.

நாகசாகித் துறைமுகத்துக்கு வரும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிங்கர்ட்டன், 999 ஆண்டுக் குத்தகைக்கு வீடு பெறுகின்றான். வேண்டும்போது மாதந்தோறும் விலகும் உரிமையும் அவனுக்கு உண்டு. 15 வயது யப்பானியப் பெண்ணை மணப்பதும் அதே நிபந்தனையில்தான்! அவன் சென்றபின் மூன்றாண்டுகள் கடலையே பார்த்திருக்கின்றாள் அவள். அவனோ அமெரிக்க மனைவியுடன் திரும்பி வந்து குழந்தையைக் கேட்கின்றான். அவள் உயிர் துறக்கின்றாள்.

1904 பெப்ரவரி 17இல் மிலான் நகரில் அரங்கேறிய இந்நாடகம் படுதோல்வியுற்றது. மே மாதம் பிரேசியாவில் திருத்தப்பட்ட வடிவம் வென்றது. அத்திருத்தத்தில் பிங்கர்ட்டனுக்குக் கழிவிரக்கப் பாடலொன்று புதிதாகக் கிடைத்தது. யப்பானியரை அவன் இகழும் பகுதிகளோ 1906ஆம் ஆண்டுப் பாரிஸ் அரங்கேற்றத்துக்குள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன.

தீங்கிழைத்தவனுக்கும் அழுகை உண்டு, அதைக் கலை மறைத்தல் நேர்மையன்று என்பர் ஒருசாரார். இக்கூற்றை எளிதில் தள்ளிவிடல் இயலாது. ஆயின் அப்பாடல் நிற்கும் இடம் நோக்கற்பாலது. பாடி முடித்ததும் அவன் அவ்விடம் விட்டு ஓடிவிடுகின்றான். செய்தியை அவளிடம் உரைக்கும் சுமை தூதுவர்க்கும் பணிப்பெண்ணுக்கும் விடப்படுகின்றது. எனவே அக்கண்ணீர் பொறுப்பேற்றல் அன்று. தப்பியோடுதலின் இனியதொரு வடிவமே. புச்சினி இதனை உணர்ந்தே அமைத்தார் எனலாம். குரலினிமையில் மயங்கும் அவை அதனை மன்னிப்பாகக் கொண்டால், பழி பாடலுடையதன்று.

உண்மையான குறை வேறிடத்தில் உளது. இகழ்ச்சியை நீக்கிக் கண்ணீரைச் சேர்த்தமையால், செய்வினையொன்று விதியின் விளையாட்டாகத் தோற்றம் பெற்றுவிட்டது. அவளை மனிதராக எண்ணாமையே அத்தீங்கின் வேர். வேரை மறைத்துவிட்டுக் காயை மட்டும் காட்டினால் கைப்பு எங்கிருந்து வந்ததென்பது விளங்காது. கிழக்கின் துறைமுகங்களை மேற்கு நோக்கிய பார்வையே அவ்விகழ்ச்சியில் ஒலித்தது. அதைக் கேட்க மிலான் அவைக்குக் கசந்ததோ இல்லையோ, கரையில் நிற்பார்க்கு அது தெரிந்தாகவேண்டிய செய்தி.

2016 டிசம்பரில் அதே மிலான் அரங்கு 1904ஆம் ஆண்டின் முதல் வடிவத்தை மீண்டும் மேடையேற்றியது. அதில் இகழ்ச்சி உண்டு. அக்கழிவிரக்கப் பாடல் இல்லை.