சோலையும் தடாகமும் திருக்கோயிலும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த திருக்குருகூரில் பொலிந்து நின்ற பிரானையும் நம்மாழ்வாரையும் ஸேவித்து, திருப்புளியாழ்வாரை வலம் வந்து, திருக்கோலூருக்குப் புறப்படுகிறோம். நவதிருப்பதிகள் ஒன்பதையும் ஒரே நாளில் ஸேவித்துவிட வேண்டுமென்ற விரைவு நமக்கு. வயலும் வாழையும் இருபுறமும் பின்னே ஓடுகின்றன. அவற்றைத் திரும்பிப் பார்ப்பாரில்லை.

இவ்வழியே ஆழ்வாரும் ஒருமுறை எழுந்தருளினார், திருவடிகளாலன்று, திருவுள்ளத்தால். திருவாய்மொழி ஆறாம் பத்து ஏழாம் திருவாய்மொழியில், பராங்குச நாயகி கிளியையும் பந்தையும் விட்டுத் தனியே திருக்கோலூருக்குப் போய்விட்டாள். மகளைக் காணாத திருத்தாயார், அவள் அங்கே சேர்ந்து எங்ஙனே உகப்பாளோ என்று நினைக்கிறாள். மகள் எவற்றைக் கண்டு உகப்பாளாம்? பூஞ்சோலையை, தடாகத்தை, அதன்பின் அவன் திருக்கோயிலை.

எம்பெருமானைக் காண்பாள் என்று சொன்னால் போதாதோ? சோலையும் தடாகமும் எதற்கு? அவனை ஆசைப்பட்டவளுக்கு அவனுடையவை எல்லாம் அவனைப்போலவே இனியவை. நமக்கு வெறும் வழியாயிருப்பவை அவளுக்குப் பேறாயிருந்தன. அவ்வூர்ப் பெருமான் வைத்தமாநிதி. மரக்காலைத் தலைக்கணையாகக் கொண்டு கண்வளர்பவன். புதையல் கிடக்கும் நிலமென்று அறிந்தவன் அதன்மேல் கிடக்கும் மண்ணை இகழ்வானோ?

தாமிரபரணிக்கு நாம் பட்ட கடனோ இன்னும் பெரிது. மதுரகவியாழ்வார் அந்நீரைக் காய்ச்சியபோதே பவிஷ்யதாசார்யரான எம்பெருமானார் திருமேனியும், பின்பு ஆழ்வார் திருமேனியும் தோன்றின என்பது பெரியோர் வழிவழியாகச் சொல்லிவருவது. ஆழ்வாரையும் ஆசார்யரையும் நமக்குத் தந்த ஆறு இது. அதன் கரையில் நாம் விட்டு வருவது என்ன? நீராடிக் களைந்த பழந்துணியும் பிளாஸ்டிக் பையும். ஸந்நிதிக்குள் செய்யத் துணியாததை ஆற்றில் கூசாமல் செய்கிறோம். ஸந்நிதியில் உள்ளவனும் இவ்வாற்றை உடையவனும் ஒருவனேயன்றோ?

ஆகவே அடுத்த யாத்திரையை ஒரு நாளில் முடிக்காமல் இரண்டு நாளாக்குவோம். படித்துறையில் சற்றே அமர்ந்து தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வோம். பிறர் விட்டுப்போன குப்பையில் ஒரு பையளவேனும் எடுத்து அகற்றுவோம், அதுவும் கைங்கர்யமே. பின்பு திருக்கோலூர்ச் சோலையைக் கண்ணாரக் கண்டு கோயிலுக்குள் புகுவோம். பராங்குச நாயகி சென்ற அடைவு அதுவே.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.